ரீசெட் பொத்தானை அழுத்துமுன்

சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ரோபோ பராமரிப்புக்காகப் போகும்போது நான் அடிக்கடி கேட்பது, "ரீசெட் பண்ணினா ஓடிடுதுண்ணே" என்ற பதிலைத்தான். அப்படி ஓடிவிடுவதுதான் தொல்லை. முற்றாக நின்றுவிட்ட இயந்திரத்தில் பழுதைத் தேடிப் பிடித்துவிடலாம்; நாளுக்கு இரண்டு முறை சர்வோ அலாரம் (மோட்டாரை இயக்கும் பகுதியின் பழுது எச்சரிக்கை) காட்டிவிட்டு, ரீசெட் செய்ததும் ஒன்றும் நடவாததுபோல் வேலைக்குத் திரும்பும் ரோபோவில், நாம் போய்ச் சேரும் நேரத்தில் பழுதும் இருக்காது, அது விட்டுச் சென்ற தடயமும் இருக்காது.

ஒரு கிடங்கில் பெட்டிகளை அடுக்கும் ஆறு அச்சு (அசையும் மூட்டு) ரோபோ ஒன்று, ஐந்தாம் அச்சின் என்கோடர் (மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் உணரி) தொடர்பு அறுந்ததாகச் சொல்லி அவ்வப்போது நின்றது. நான் அழைக்கப்படுமுன்பே இரண்டு டிரைவ்களை (மோட்டாருக்கு மின்சாரம் தந்து இயக்கும் மின்னணுப் பெட்டிகளை) மாற்றியிருந்தார்கள். நான் எந்தப் பொருளையும் மாற்றவில்லை. டீச் பென்டன்ட் (ரோபோவை இயக்கும் கைக்கருவி) அருகே ஒரு தாளை ஒட்டி, ரீசெட் செய்யுமுன் நேரம், அலாரம் எண், நிரலின் வரி, கை நின்ற நிலை ஆகியவற்றை எழுதும்படி இரவு ஷிப்ட் தம்பிகளிடம் கேட்டுக்கொண்டேன். நான்கு நாளில் சேர்ந்த 11 பதிவுகளில் 9 பதிவுகள் ஒரே வரியைக் காட்டின: கை முழுதாக நீண்டு, மணிக்கட்டு திரும்பி, மேல் அடுக்கில் பெட்டியை வைக்கும் இடம். டிரைவ் அசையாமல் கேபினட்டுக்குள் இருக்கிறது. கையோடு சேர்ந்து வளைவது கேபிள்தான்.

என்கோடருக்கான மின்சாரம் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வருவதால், சர்வோவை நிறுத்தி வைத்தும் இதைச் சோதிக்கலாம். மோட்டார் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டியபின், மூன்றாம் மூட்டருகே கேபிளை மெல்ல வளைத்தேன். மூன்றாவது வளைப்பில் அலாரம் வந்தது. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. உறையைப் பிளந்து பார்த்தபோது, ஓர் இழையின் செம்புக் கம்பிகள் அனைத்தும் அறுந்து, நேராக இருக்கையில் நுனிகள் தொட்டுக்கொண்டும் வளைகையில் விலகியும் இருந்தன. முன்பு வந்தவர் கேபிளைக் கழற்றி நேராகக் கிடத்தி மல்டிமீட்டரில் அளந்து, "நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அவர் அளவு பொய்யல்ல, கேபிளின் நிலைதான் வேறு. (பல ரோபோக்களில் என்கோடர் கேபிளைக் கழற்றினால் தொடக்கநிலைக் கணக்கு, அதாவது ஒவ்வொரு அச்சின் பூஜ்ய நிலை, அழிந்துபோகும், கழற்றுமுன் குறித்துக்கொள்ளுங்கள்.)

மிகைச்சுமை அலாரத்துக்கும் டிரைவ்மீது உடனே பழி போடத் தேவையில்லை. மோட்டாரின் பிரேக்குக்குப் போகும் 24 வோல்ட், நீண்ட கேபிளின் மறுமுனையில் குறைந்துபோனால், பிரேக் அரைகுறையாக விடுபட்டு உரசும்; மோட்டார் அதை இழுத்துக்கொண்டு ஓடும்; அலாரத்தில் பிரேக் என்ற சொல்லே இராது. எனவே அந்த மின்னழுத்தத்தை மோட்டார் முனையில் அளக்க வேண்டும். மோட்டாரின் மின்காப்பை 500 வோல்ட் மெகரால் பார்ப்பதானால், டிரைவிலிருந்து கேபிளை முதலில் கழற்ற வேண்டும். என்கோடர் முனைகளில் மெகரை ஒருபோதும் வைக்கக் கூடாது.

இப்படி அவ்வப்போது வரும் பழுதுக்குச் சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊர்களுக்கு உரிய காரணமும் ஒன்று உண்டு. இங்கு வெளிக்காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். கேபினட்டின் குளிரூட்டியை 20 டிகிரியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால், புழுக்கமான காற்று உள்ளே புகுந்து குளிர்ந்த உலோகத்தின்மீது நீராகப் படியும். "காற்றோட்டமாக இருக்கட்டும்" என்று கதவைத் திறந்து போடுவோர் இன்னும் இருக்கிறார்கள். குளிரூட்டியின் அளவைச் சற்று உயர்த்துவதும், கதவின் ரப்பர் விளிம்பை மாற்றுவதும் புதிய டிரைவைவிட மிக மலிவு.

கேபினட்டைத் திறப்போருக்கு ஒன்று: 400 வோல்ட் மும்முனை மின்சாரத்தை நேராக எடுக்கும் டிரைவின் டிசி பஸ்ஸில் (உள்ளே நேர்மின்சாரம் தேங்கும் பகுதியில்) ஏறத்தாழ 565 வோல்ட் தேங்கியிருக்கும். சுவிட்சை அணைத்தபின், டிரைவின்மீது அச்சிட்டுள்ள நேரம் முழுவதும் காத்திருந்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கைவையுங்கள்.

அந்தக் கிடங்கில் கழற்றிய இரண்டு டிரைவ்களும் "பழுது" என்ற சீட்டோடு அலமாரியில் கிடந்தன. இரண்டையும் சோதித்தோம், இரண்டும் ஓடின.