அப்பாவின் தூக்க மாத்திரை அம்மாவுக்கு ஆகாது

பெங்களூரு அல்சூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். வீட்டுக்காரருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை வீட்டம்மாவும் போட்டுக்கொள்வது இங்கே சர்வசாதாரணம். கேட்டால், "அவருக்கு ஒண்ணும் ஆகலையே, எனக்கு மட்டும் என்ன ஆகிடப்போகுது தம்பி?" என்பார்கள்.

ஆகும். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 மி.கி. போட்டு எட்டு மணி நேரம் கழித்தும், வண்டி ஓட்டுவதைக் கெடுக்கும் அளவுக்கு மருந்து ரத்தத்தில் மிச்சமிருந்தவர்கள் ஆண்களில் சுமார் 3 சதவீதம்; பெண்களில் சுமார் 15 சதவீதம். இதனால்தான் 2013 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பெண்களுக்கான அளவை 10-லிருந்து 5 மி.கி.யாகக் குறைக்கச் சொன்னது. பெண் உடம்பு இந்த மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது. எடை குறைவு என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, காலை ஏழு மணிக்குப் பிள்ளையை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்கூலுக்குக் கிளம்பும் தாய்மார்களை நினைத்துதான் இதை எழுதுகிறேன்.

வயது இன்னும் பெரிய விஷயம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் டயஸிபாம் மாத்திரையில் பாதி மருந்து ரத்தத்திலிருந்து இறங்க 20 வயதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். 80 வயதில் 90 மணி நேரம்வரை போகும். வயதாக ஆக உடம்பில் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. இந்த மருந்து கொழுப்பில் போய்த் தங்கிவிடும். கல்லீரலும் சுருங்கி, அதற்குப் போகும் ரத்தமும் குறைகிறது. நேற்றைய மாத்திரை இறங்குவதற்குள் இன்றையது, அதற்கு மேல் நாளையது. இதே வகை மாத்திரையான லோராஸிபாம் வேறு வழியில் கழிவதால் வயது அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனாலும் முதியவர்களின் மூளை குறைந்த அளவு மருந்துக்கே மயங்கிவிடும் என்பதால் அதையும் தைரியமாகக் கொடுத்துவிட முடியாது.

ஒரு பாட்டி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், நடை தள்ளாடுகிறது, ஒருமுறை பாத்ரூமில் விழுந்தும் விட்டார். "வயசாயிடுச்சுண்ணா, மறதி வியாதிதான்" என்றார் மகன். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் கொண்டுவரச் சொன்னேன். ராத்திரிக்கு, டயஸிபாம் வகையைச் சேர்ந்த அல்பிரஸோலாம். கூடவே, யாரையும் கேட்காமல் தினமும் போட்டுவந்த சளி மாத்திரை. அதில் குளோர்ஃபெனிரமின் இருந்தது. இரண்டும் தூக்கம் தருபவை. அட்டைகளோடு டாக்டரிடம் அனுப்பினேன். அவர் சளி மாத்திரையை நிறுத்தி, அல்பிரஸோலாமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். சில வாரங்களில் பாட்டி தானே கடைக்கு நடந்து வந்தார்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் போட்டவர்கள் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது சளி, அரிப்பு, வலி மாத்திரைகள் உட்பட வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். போட்டுக்கொள்வது யார், அவருக்கு வயது என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.