சப்ளையரை மாற்றினால் மின்சாரம் மாறுமா?

இங்கிலாந்தின் லெஸ்டருக்கு மேற்படிப்புக்குப் போயிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறோம். குடியேறியதுமே, நாங்கள் கேள்விப்படாத ஒரு கம்பெனி கரண்ட் பில் அனுப்பிவிட்டது. வேறு கம்பெனிக்கு மாறினால் மலிவு என்கிறார்கள். மாறினால் புது ஒயர் இழுப்பார்களா? நடுவில் கரண்ட் போகுமா?" ஒரே ஈ.பி. ஆபீஸைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வரவேண்டிய சந்தேகம்தான்.

நடைமுறையை முதலில் முடித்துவிடுவோம். அங்கே காலி வீட்டுக்கும் ஒரு சப்ளையர், அதாவது மின்சாரத்தை விற்று பில் அனுப்பும் கம்பெனி, இருப்பார். வாடகைக்காலம் தொடங்கிய நாளிலிருந்து, கையெழுத்தே போடாவிட்டாலும், நீங்கள் அவருடைய வாடிக்கையாளர். அன்றே மீட்டரைப் படம் எடுத்து ரீடிங்கை அனுப்பிவிடுங்கள். பில்லை நீங்களே கட்டினால் சப்ளையரை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. வாடகையோடு சேர்த்து வீட்டுக்காரர் கட்டினால் அது அவர் பாடு. மாற்றம் பொதுவாக ஐந்து வேலைநாளில் முடியும், 14 நாளுக்குள் மனம் மாறினால் விலகலாம். ஒரு வருடத்துக்கு விலையைக் கட்டிப்போடும் திட்டங்களில் இடையில் வெளியேறினால் அபராதம் இருக்கக்கூடும். பில்லில் நாலு பேர் பெயரும் இருக்கட்டும். இல்லாவிட்டால் பெயர் கொடுத்தவர் தலையில்தான் கடன் விழும்.

ஒயரை யாரும் தொடமாட்டார்கள், நடுவில் கரண்டும் போகாது. தெருவில் ஓடும் கம்பி வட்டார விநியோக நிறுவனத்துடையது. எந்த சப்ளையரானாலும் கரண்ட் போனால் கூப்பிட வேண்டிய எண் 105தான். நீங்கள் காசு கொடுக்கும் கம்பெனியின் எலக்ட்ரான் உங்கள் வீட்டுக்கு வருவதும் இல்லை. 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தில் கம்பிக்குள் இருக்கும் எலக்ட்ரான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த தூரத்துக்குள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. பயணம் செய்வது ஆற்றல். அதற்குக் கம்பெனி முத்திரை கிடையாது.

அப்படியென்றால் யார் யாருக்கு விற்றார்கள் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிரிட்டன் ஒரு நாளை 48 அரைமணிகளாக வெட்டுகிறது. தன் வாடிக்கையாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு அரைமணியிலும் எவ்வளவு இழுப்பார்கள் என்று ஊகித்து, சப்ளையர் முன்கூட்டியே மின்சாரம் வாங்கி வைக்கிறார். அந்த அரைமணி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாங்கல் விற்றலுக்குக் கதவு சாத்தப்படும். அதன்பின் கூடினாலும் குறைந்தாலும், வித்தியாசத்துக்கு அந்த அரைமணிக்கென்று நிர்ணயமாகும் விலையில் தீர்வு. கணக்கை முடிப்பது எலெக்ஸான் என்ற நிறுவனம்.

சிக்கல் பழைய மீட்டரில். எப்போதாவது ரீடிங் எடுக்கும் வீடு நேற்று மாலை ஐந்திலிருந்து ஐந்தரைக்குள் எவ்வளவு செலவழித்தது என்று யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. அதனால் மாதிரி வீடுகளை அளந்து, சராசரி வீட்டின் அன்றாட ஏற்ற இறக்கத்தை ஒரு கோடாக வரைந்திருக்கிறார்கள். பருவம், கிழமை, வெப்பநிலை, சூரியன் மறையும் நேரம் எல்லாம் அதில் உண்டு. உங்கள் ஆண்டு யூனிட்டை அந்தக் கோட்டின்படி அரைமணி அரைமணியாகப் பங்கு போடுவார்கள். வட்டாரத்துக்குள் நுழைந்த மொத்த மின்சாரம் உண்மையாகவே அளக்கப்படுகிறது. பங்குகளின் கூட்டுத்தொகை அதோடு ஒட்டாவிட்டால் எல்லாவற்றையும் அதற்கேற்பத் திருத்துவார்கள். உண்மையான ரீடிங்குகள் வரவர, மறுபடி மறுபடி போட்டு, கடைசிக் கணக்கு முடிய ஏறத்தாழ 14 மாதம் ஆகும்!

உங்கள் மீட்டர் இணைப்புக்கு 13 இலக்க எண் ஒன்று உண்டு. முதல் இரண்டு இலக்கம் வட்டாரம்: லெஸ்டருக்குப் பெரும்பாலும் 11, லண்டனுக்கு 12. சப்ளையரை மாற்றுவது என்றால், பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் பெயரை மாற்றுவது. எண் அப்படியே இருக்கும். மாறும் நாளின் ரீடிங்தான் இரண்டு கம்பெனிக்கும் இடையிலான எல்லைக்கோடு. நீங்கள் அனுப்பாவிட்டால் அதையும் மதிப்பீடு செய்துவிடுவார்கள்.

'பசுமைத் திட்டம்' எடுத்தால் வீட்டுக்குக் காற்றாலை மின்சாரம் வரும் என்று நம்புவது படித்தவர்களின் மூடநம்பிக்கை என்பேன். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் ஒவ்வொரு மெகாவாட்-மணி (ஆயிரம் யூனிட்) உற்பத்தியாகும்போதும் ஒரு சான்றிதழ் பிறக்கிறது; அந்த மின்சாரத்தை வாங்காமலே சான்றிதழை மட்டும் சப்ளையர் தனியாக வாங்கலாம். காற்றாலைக்காரரிடம் நேரடியாக ஒப்பந்தம் போட்டு வாங்கும் சப்ளையர்களும் இருக்கிறார்கள். விளம்பரத்தில் இரண்டும் ஒரே பச்சை.

வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் அரைமணிக் கணக்கை ஊகிக்க வேண்டியதில்லை, நேராகவே படிக்கலாம். சில கம்பெனிகள் நள்ளிரவுக்கு மேல் மலிவு விலை தருவதற்கு இது கைகொடுக்கிறது. துணி துவைப்பதை அந்த நேரத்துக்குத் தள்ளிவைத்தால் மிச்சம் உண்டு, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து அறையில் படுப்பவர் சம்மதித்தால்.