சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்

சென்ற ஆண்டு ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், அரசுப் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியத் தம்பதியர் என்னைப் பார்க்க வந்தார்கள். புதுக் கார் எடுத்தவர்களின் முகத்தில் இருக்க வேண்டிய மகிழ்ச்சி இருவரிடமும் இல்லை. பூஜையன்று காலை 9.15 முதல் 10.15 வரை நல்ல நேரம் பார்த்து டெலிவரிக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கணவரின் பெற்றோரும் மனைவியின் தாயாரும் பிள்ளைகளும் பட்டுடுத்திக்கொண்டு ஷோரூமில் காத்திருந்தார்கள். காருக்கு மாலை போட்டாயிற்று. நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. படம் எடுத்துக்கொள்வதற்கான பெரிய அட்டைச் சாவியோடு ஊழியர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் பில் போடும் இடத்திலிருந்து அழைப்பு வந்தது.

"சார், எசென்ஷியல் கிட், கோட்டிங், ஹேண்ட்லிங் சார்ஜ் எல்லாம் சேர்த்து இன்னும் இருபத்து மூவாயிரத்து அறுநூறு பாக்கி இருக்குங்க. அதைக் கட்டிட்டீங்கன்னா உடனே சாவி கொடுத்துடுவாங்க."

நல்ல நேரம் முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. வயதான தாயார் கற்பூரத் தட்டோடு நிற்கும்போது, "இதைப் பற்றி முன்பே ஏன் சொல்லவில்லை?" என்று எந்த மகனால் நின்று வாதாட முடியும்? கணவர் கார்டைத் தேய்த்துவிட்டார். மனைவி மட்டும் ஒன்று செய்தார்: வாங்கிய தொகை எது எதற்கு என்று ரசீதில் தனித்தனியாக எழுதித் தந்தால்தான் இடத்தை விட்டு நகர்வேன் என்று கவுண்டரின் முன்னே நின்றுவிட்டார். அந்த ரசீதின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கோவையில் நுகர்வோர் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில், கார் வாங்கியவர்களின் மனக்குறைகளை அடிக்கடி கேட்கிறேன். காரில் உள்ள குறையைப் பற்றி வருபவர்களைவிட, விற்பனையாளரின் வற்புறுத்தலுக்கு இணங்கிவிட்டு வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்து வருந்துபவர்களே மிகுதி. இவர்களில் பெரும்பாலோருக்கு என்னால் உதவ முடியாமல் போவதற்குக் காரணம் சட்டத்தில் உள்ள ஓட்டை அன்று. அவர்களுக்குச் சொல்லப்பட்டவை எல்லாம் வாய்வார்த்தையாகவும், அவர்கள் கையெழுத்திட்டவை எல்லாம் எழுத்தாகவும் இருப்பதுதான்.

முதலில் விற்பனையாளரின் நிலையைச் சொல்லிவிட வேண்டும். உங்களை "அண்ணா, அக்கா" என்று அழைத்துக் குளிர்பானம் கொடுக்கும் அந்த இளைஞர் சிறிய சம்பளத்தில் வேலை பார்ப்பவர். மாதக் கடைசிக்குள் எத்தனை வண்டி என்பதோடு, எத்தனை வண்டிக்கு ஷோரூம் வழியாகவே இன்சூரன்ஸ் போட்டார், கடன் வாங்கிக் கொடுத்தார், எவ்வளவுக்கு ஆக்சஸரீஸ் விற்றார் என்பதையும் வைத்தே அவருக்கு ஊக்கத்தொகை கிடைக்கிறது. காரின் விலையில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் குறைவு என்பதால், அதைச் சுற்றியுள்ள இந்தச் சில்லறை வரவுகளில்தான் நெருக்கடி முழுவதும் வந்து விழுகிறது. எனவே அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் எங்கே அழுத்துகிறார் என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதல் அழுத்தம் நேரத்தைப் பற்றியது. "இந்த ஆஃபர் இன்னைக்கு மட்டும்தாங்க, ஐயாயிரம் கட்டி பிளாக் பண்ணிடலாம்" என்பார்கள். இணையக் கடைகளில் இத்தகைய பொய்யான அவசரத்தையும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவதையும் ஏமாற்று உத்திகள் என்று பெயர் சொல்லித் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்டது. அதில் விவரித்திருக்கும் உத்திகளைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்ததென்னவோ ஷோரூம்கள்தாம். இன்றைய ஆஃபரை எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். முன்பணம் கட்டியே தீர வேண்டுமென்றால், ரத்து செய்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பது புக்கிங் படிவத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பகுதி பெரும்பாலும் படிவத்தின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருக்கும்.

இரண்டாவது, "இன்னும் அறுபதாயிரம் போட்டால் டாப் மாடல்" என்ற பேச்சு. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே படித்தவர்களும் கணக்கில் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரி மாற்றப்பட்ட பிறகு, 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள புதுக் காருக்கு 13 சதவீதமும், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு 18 சதவீதமும் வரி. 9,70,000 ரூபாய் காருக்கு வரி 1,26,100 ரூபாய். அறுபதாயிரம் கூட்டி 10,30,000 ரூபாய் மாடலுக்குப் போனால் வரி 1,85,400 ரூபாய் ஆகிவிடுகிறது. அதாவது விலையில் 60,000, வரியில் 59,300. விலை 10 லட்சத்தைத் தாண்டியதால் 1 சதவீதம் டி.சி.எஸ். என்ற பெயரில் 10,300 ரூபாயை டீலர் உங்களிடம் வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவார். இது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாக நிற்கும் பணம். கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். இதைக் கேட்டுப் பெறாமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆக, அறுபதாயிரம் என்று சொன்ன ஒரு சன்ரூஃபுக்காகக் கையிலிருந்து உடனே போவது ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பதாயிரம். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. பாதிக் கணக்கைத்தான் சொன்னார்.

அடுத்து கொட்டேஷன். "ஆன்ரோடு இவ்வளவு" என்று விசிட்டிங் கார்டின் பின்புறம் எழுதித் தரும் ஒற்றைத் தொகையை ஏற்கவே கூடாது. எக்ஸ்-ஷோரூம் விலை, ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், ஆக்சஸரீஸ், நீட்டித்த வாரண்டி என ஒவ்வொன்றும் தனி வரியில் வர வேண்டும். "ஆர்.டி.ஓ. செலவு 1,36,000" என்று ஒரே வரியில் எழுதிய தாள் ஒன்று என் மேசைக்கு வந்தது. காரின் எக்ஸ்-ஷோரூம் விலை 9,20,000. ஆயுள் வரி 1,19,600. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், கடன் இருந்தால் அதைப் பதிவுச் சான்றில் குறிக்க 1,500 ரூபாய். தற்காலிகப் பதிவு, அட்டை, சாலைப் பாதுகாப்பு வரி என்று மேலும் சில ஆயிரங்களைச் சேர்த்தாலும் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்க்கு விளக்கமே இல்லை. அரசுக்குக் கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. அந்த ரசீதுகளின் நகலைத் தருவீர்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டால், பல இடங்களில் தொகை தானாகக் குறைந்துவிடும். ஹேண்ட்லிங் சார்ஜ் என்பது அரசுக் கட்டணம் அன்று. வண்டியைக் கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவது விற்பவரின் வேலை.

இன்சூரன்ஸில்தான் வற்புறுத்தல் மிகவும் கடுமையாக இருக்கும். "வெளியே போட்டால் கேஷ்லெஸ் கிடைக்காது, டெலிவரி தள்ளிப்போகும்" என்பார்கள். எந்த நிறுவனத்தில், யார் வழியாகப் பாலிசி எடுப்பது என்பது உங்கள் விருப்பம். பழுது பார்த்த செலவைக் காப்பீட்டு நிறுவனமே பணிமனைக்கு நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதி கிடைக்குமா என்பது அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பணிமனைக்கும் இடையே ஒப்பந்தம் உண்டா என்பதைப் பொறுத்தது. அதை நிறுவனத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் காரால் மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீடு, புதுக் காருக்கு மூன்றாண்டுக்கு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதன் பிரீமியத்தை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள புதுக் காருக்கு 10,640 ரூபாய். இந்தத் தொகை எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். வேறுபாடு வருவதெல்லாம் சொந்தச் சேதத்துக்கான பகுதியிலும், கேட்காமலே சேர்க்கப்படும் கூடுதல் பாதுகாப்புகளிலும்தான். எனவே இரண்டு இடங்களின் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாமல், காரின் காப்பீட்டு மதிப்பு, அதாவது கார் முழுவதும் சேதமானாலோ திருடு போனாலோ கிடைக்கும் தொகை, இரண்டிலும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். மதிப்பைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதும் நடக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே 15 லட்சம் ரூபாய்க்குக் குறையாத தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால், உரிமையாளர்-ஓட்டுநருக்கான அந்தக் காப்பீட்டை மறுபடியும் எடுக்கத் தேவையில்லை.

பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கிளெய்ம் எதுவும் கேட்காததற்காகக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ், காருக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதத்தைப் பெற்றுக்கொண்டால், புதுக் காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று பத்தாயிரத்தைக் கொடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தைப் பற்றி வாயே திறக்காத இடங்கள் உண்டு.

கடனைப் பொறுத்தவரை, "ஏழு சதவீதம்தான்" என்றால் அது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை கணக்கிடும் ஃபிளாட் வட்டியா, தவணை கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கான வட்டியா என்று கேளுங்கள். 8 லட்சம் ரூபாய்க்கு ஐந்தாண்டுகளுக்கு 7 சதவீத ஃபிளாட் வட்டி என்றால் மாதத் தவணை 18,000 ரூபாய். குறையும் நிலுவைக் கணக்கில் அந்த வட்டி 12 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. 2024 அக்டோபர் முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு (கார் கடனும் இதில் அடங்கும்), எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வாங்காமல் கையெழுத்திட வேண்டாம். உங்கள் சம்பளக் கணக்குள்ள வங்கியில் ஒரு வட்டி விகிதத்தை முன்பே கேட்டுவைத்துக்கொண்டு போனால், ஷோரூமில் பேச்சின் தொனியே மாறிவிடும்.

கோட்டிங், துருத் தடுப்பு, மேட், சீட் கவர் ஆகியவற்றைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வேண்டுமென்றால் வாங்குங்கள், வேண்டாமென்றால் வேண்டாம். ஆனால் "இதை எடுத்தால்தான் வண்டி" என்ற நிபந்தனை வரும்போது அது சட்டப் பிரச்சினை ஆகிவிடுகிறது. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(41) பிரிவு கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. விற்ற பொருளுக்கு பில் தராமலிருப்பதும் அதே சட்டத்தின் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

இவற்றையெல்லாம் அங்கே உட்கார்ந்து வாதிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாதத்தில் விற்பனையாளருக்கே பழக்கம் அதிகம். நீங்கள் ஏழாண்டுக்கு ஒருமுறை கார் வாங்குகிறீர்கள், அவர் நாள்தோறும் விற்கிறார். என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்லித் தருவது ஒரே வாக்கியம்தான்: "நீங்க இப்ப சொன்னதை அப்படியே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க தம்பி, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்." இதில் மறுப்பும் இல்லை, சண்டையும் இல்லை. உண்மையான சலுகை என்றால் அனுப்பிவிடுவார். அனுப்பத் தயங்கினால் அதிலேயே உங்களுக்கு விடை இருக்கிறது. டெலிவரிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வண்டியைக் கிடங்கில் போய்ப் பார்த்து, சேசிஸ் எண்ணையும் தயாரித்த மாதத்தையும் குறித்துக்கொண்டு, இறுதி பில்லை அன்றே வாங்கி முழுப் பணத்தையும் முடித்துவிடுங்கள். நல்ல நாளன்று ஷோரூமில் பணப் பேச்சே இருக்கக் கூடாது. முகூர்த்தம் உங்களுக்கு எவ்வளவு முக்கியமோ, பில் போடுபவருக்கும் அது அவ்வளவு முக்கியம்.

அதையும் மீறித் தகராறு வந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம். காருக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால், வழக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு உரியது. ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

ஆசிரியத் தம்பதியர் வழக்குத் தொடுக்கும் அளவுக்குப் போகவில்லை. ஆன்ரோடு தொகையை எழுதித் தந்த விசிட்டிங் கார்டின் படம் மனைவியின் கைப்பேசியில் இருந்தது. அதில் இல்லாத மூன்று தலைப்புகள் அவர் கேட்டு வாங்கிய ரசீதில் தொகையோடு இருந்தன. இரண்டையும் இணைத்து நோட்டீஸ் அனுப்பினேன். மூன்றாவது வாரத்தில், அவர்கள் வீட்டுக்கே எடுத்துச் சென்று பயன்படுத்திக்கொண்டிருந்த மேட்டுக்கும் சீட் கவருக்குமான தொகை நீங்கலாக, மீதிப் பணம் கணக்கில் வந்து சேர்ந்தது. அந்த மேட்டையும் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்று மனைவிதான் சொன்னார்.