வால்வு ஆம்ப் வாங்கும் முன்: வம்சம், வாட், வோல்டேஜ்

கிருஷ்ணகிரியில் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, அண்மைக்காலமாக வேலை மேசைக்கு வரும், வால்வு எனப்படும் கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் இயங்கும் கிட்டார் ஆம்ப்களின் எண்ணிக்கை கூடிவருவது கண்கூடாகத் தெரிகிறது. பெங்களூரில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்றுவிட்டுப் போனவை, ஓசூர் வழியாக இங்குள்ள சர்ச் இசைக்குழுப் பிள்ளைகளின் கைக்கும் மெல்லிசைக் குழுக்காரர்களின் கைக்கும் வந்து சேர்கின்றன. அவற்றுள் சிறு பட்டறைகளில் கையால் கட்டப்பட்ட, பூட்டிக் எனப்படும் ஆம்ப்களுக்கு லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அந்த விலை தவறு என்று நான் சொல்லவில்லை. கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதே என் கவலை.

பூட்டிக் ஆம்ப்களில் பெரும்பாலானவை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல; விரல்விட்டு எண்ணக்கூடிய சில பழைய சர்க்யூட்டுகளின் வாரிசுகள். அவற்றில் முதன்மையானது, அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1950களின் இறுதியில் செய்த பாஸ்மேன் 5எஃப்6-ஏ. பாஸ் கிட்டாருக்காக வந்த அந்த ஆம்பின் வரைபடத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு, 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷலும் அவருடைய கடையில் இருந்தவர்களும் ஜேடிஎம்45-ஐக் கட்டினார்கள். வரைபடம் ஒன்றாக இருந்தும் ஒலி வேறாக வந்தது. பாஸ்மேனின் முதல் கட்டத்தில் இருந்த 12ஏஒய்7 வால்வின் பெருக்கத் திறன் சுமார் 44. அந்த இடத்தில் மார்ஷல் பொருத்திய ஈசிசி83-இன் திறன் 100. ஆகவே அது சீக்கிரமே ‘டிஸ்டார்ட்’ ஆக, அதாவது ஒலி சிதைந்து கரகரக்கத் தொடங்கியது. பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் இருந்த இடத்தில், மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் வந்தன. வால்வின் மின்சாரத்தை ஸ்பீக்கருக்கு ஏற்றதாக மாற்றும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும், ஸ்பீக்கரை இயக்கும் திறனைத் தரும் பவர் வால்வும்கூட அங்கே கிடைத்தவற்றுக்கு ஏற்ப மாறின. இந்தச் சிறு மாற்றங்களிலிருந்துதான் ராக் இசையின் கிட்டார் ஒலி பிறந்தது. ஒரு ஆம்பின் குணம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இன்னொரு வம்சம் இங்கிலாந்தின் வாக்ஸ். டிக் டென்னி வடிவமைத்த ஏசி15, அதன் பின் வந்த ஏசி30 இரண்டிலும் சிறிய ஈஎல்84 வால்வுகள்தாம் பவர் தருகின்றன. அவுட்புட்டிலிருந்து ஒரு பகுதியைத் திருப்பியனுப்பி ஒலியைக் கட்டுக்குள் வைக்கும் நெகடிவ் ஃபீட்பேக் அவற்றில் இல்லை. அதனால் மெதுவாக மீட்டினால் மணியொலிபோல் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் படிப்படியாகக் கரகரப்பாகவும் ஒலி மாறுகிறது. 1989-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய மேட்ச்லெஸ் நிறுவனத்தின் டிசி-30 இந்த வழி வந்தது. நியூ ஜெர்சியில் கென் ஃபிஷர் கட்டிய ட்ரெயின்ரெக் ஆம்ப்களோ, கிட்டாரின் வால்யூம் குமிழைக் குறைத்தாலே சுத்தமான ஒலிக்குத் திரும்பும் நுண்ணுணர்வுக்குப் பெயர்பெற்றவை. கலிஃபோர்னியாவில் அலெக்சாண்டர் டம்பிள், ஃபெண்டர் வகைச் சர்க்யூட்டின் மீது கூடுதல் டிஸ்டார்ஷன் கட்டங்களைச் சேர்த்து, யாரும் நகலெடுக்காதபடி பாகங்களின் மேல் எபாக்சி என்ற இறுகும் பசையை ஊற்றி மூடியும் வைத்தார். இன்றைய பூட்டிக் பட்டறைகள் பல, இவருடைய ஆம்ப்களையே இலக்காக வைத்துத் தங்கள் ஆம்ப்களைச் செய்கின்றன.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த வம்சம் என்பதுதான். சர்ச்சில் கீபோர்டுக்கும் பாடகர்களுக்கும் இடையே தெளிவான கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வாசிப்பவருக்கு மார்ஷல் வழி ஆம்பை எவ்வளவு குறைந்த விலைக்குத் தந்தாலும் அது பொருந்தாது. உள்ளே வயர்கள் கையால் இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதையே ஒலியின் ரகசியமாகச் சொல்வோரும் உண்டு. கைவயரிங்கின் உண்மையான பயன், பத்தாண்டு கழித்தும் பழுதுபார்க்க எளிது என்பதே; ஒலியைத் தீர்மானிப்பதில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள பங்கு அதைவிடப் பெரிது. கையில் இருக்கும் ஆம்பின் ஒலி பிடிக்கவில்லை என்று வருபவர்களிடம், முதலில் ஸ்பீக்கரை மாற்றிக் கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வாட் விஷயத்தில் ஏமாறுவோர் அதிகம். 15 வாட்டை 30 ஆக்கினால் ஒலி இரண்டு மடங்கு ஆவதில்லை. கூடுவது 3 டெசிபல் மட்டுமே, காதுக்குச் சற்றே உரக்கக் கேட்கும். வால்வு ஆம்பின் இனிமை அது உழைக்கும்போதுதான் வெளிப்படும் என்பதால், வீட்டு அறையில் 50 வாட் ஆம்பின் வால்யூமை ஒன்றுக்கு மேல் திருப்ப முடியாமல் வைத்திருப்பவருக்கு அவர் கொடுத்த பணத்தின் பலன் கிடைப்பதே இல்லை.

அமெரிக்க ஆம்ப்களின் பின்புறத்தில் 120 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் செருகுவது, என் மேசைக்கு வரும் சேதங்களில் அடிக்கடி காணும் காரணம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது: அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50, 60-க்கு மட்டும் என்று செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடாகும். வால்வுகளை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் அவற்றின் ஆயுள் குறையும். போர் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கியும், இரவில் ஏறியும் இருக்கும் கிராமங்களில் நல்ல ஸ்டெபிலைசர் இல்லாமல் இந்த ஆம்பை ஓட்ட வேண்டாம்.

ஸ்பீக்கர் இணைப்பில்லாமல் ஓட்டுவதும் அதே அளவு ஆபத்து. டிரான்சிஸ்டர் ஆம்பில் பழகியவர்கள், மேடையில் ஸ்பீக்கர் ஜாக்கை உருவிவிட்டு ஆம்பை ஆனிலேயே விடுகிறார்கள். வால்வு ஆம்பில் அப்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் உயர் வோல்டேஜ் எழும்பும். அப்படி வந்த ஒரு பெட்டியில், பவர் வால்வின் சாக்கெட்டில் உயர் வோல்டேஜ் வரும் 3-ஆம் பின்னிலிருந்து ஹீட்டருக்கான 2-ஆம் பின்னுக்குத் தீப்பொறி பாய்ந்து, பேக்கலைட்டில் கரிக்கோடு பதிந்திருந்தது. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் துடைத்துவிட்டுப் பயன்படுத்த முடியாது, சாக்கெட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிளை மாற்றிச் செருகுவதும் இதே பாதிப்பைத் தரலாம்.

ஆம்பை உரிமையாளர் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டன்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். என் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கும் இதுவே முதல் பாடம்: பிளக்கைக் கழற்றுங்கள், கண்டன்சரில் உள்ளதை ரெசிஸ்டர் வழியே மெதுவாக வடியவிடுங்கள், ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு மறு கையால் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், மீட்டர் பூஜ்யத்துக்கு அருகில் வந்த பிறகே தொடுங்கள்.