ராம்சர் குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் எடுக்கலாமா?

எடுக்கலாம். குமரி மாவட்டத்தில் சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. அதனாலேயே கன்னிப்பூ, கும்பப்பூ நெல் பருவங்களுக்கு மடை திறப்பது நின்றுவிடாது. ராம்சர் உடன்படிக்கை கேட்பது 'விவேகப் பயன்பாடு': குளத்தின் இயல்பு கெடாமல் பயன்படுத்த வேண்டும். வெள்ளாமைக்காரர் ஒரு பக்கம், பறவைகள் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்க இதில் வேலையே இல்லை.

ஆனால் இரண்டு இடத்துக்கும் ஒரே சட்டம் இல்லை. 19.75 ஹெக்டேர் வேம்பனூருக்கு, 2017 ஈரநிலப் பாதுகாப்பு விதிகள். குளத்தை நிரப்பி வேறு உபயோகத்துக்கு மாற்றுவது, ஆக்கிரமிப்பது, தொழிற்சாலை வைப்பது, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டுவது, சுத்திகரிக்காத சாக்கடையை விடுவது, வேட்டையாடுவது எல்லாம் தடை. நிரந்தரக் கட்டுமானத்துக்கு 50 மீட்டர் கணக்கு ஒன்று உண்டு: அதற்குள் கட்டக் கூடாது. மனை வாங்குகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். அந்த 50 மீட்டரை இன்று தண்ணீர் நிற்கும் இடத்திலிருந்து அளக்கக் கூடாது. விதி வந்த 2017-க்கு முந்தைய 10 ஆண்டுகளில் பதிவான சராசரி வெள்ள மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். கோடையில் குளம் உள்வாங்கினாலும், யாராவது மண்ணடித்து ஓரத்தைச் சுருக்கினாலும், கோடு நகராது. விலக்கு படகுத்துறைக்கு மட்டும். மீறினால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம்.

வன உயிரினச் சட்டத்தின் கீழ் உள்ள பகுதிகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது. சுசீந்திரம்–தேரூர்–மணக்குடி 2015-இலேயே அந்தச் சட்டப்படி பாதுகாப்புக் காப்பகம். சரணாலயம் என்றால் மக்களின் உரிமைகளை விசாரித்துக் கையகப்படுத்தும் நடைமுறை உண்டு. காப்பகத்துக்கு அது கிடையாது. தீ வைப்பதும், உயிர்களுக்குக் கேடான ரசாயனமோ வெடியோ போடுவதும் குற்றம். காப்பக மேலாண்மைக் குழுவில் எல்லைக்குள் வரும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி, வேளாண் துறைக்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தாமரைப்பூ எடுப்பது, மீன்பிடிப்பது பற்றியெல்லாம் அங்கே வாய் திறந்து பேச ஊர்க்காரர்களுக்கு இடம் இருக்கிறது. அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால் எனக்கு வருத்தமே.

பட்டியலில் சேராத, பாசனத்துக்கென்றே வெட்டிய குளங்கள் 2017 விதிகளுக்குள் வரமாட்டா. அவற்றில் அரசின் நீர்வளத் துறை வசம் உள்ளவற்றுக்கு 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அளந்து எல்லை குறித்து, நோட்டீஸ் கொடுத்து ஆக்கிரமிப்பை அகற்றலாம்.

உங்கள் குளம் எந்தச் சட்டத்தில் வருகிறது, எல்லை எங்கே என்று தெரியவில்லையா? ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு போடுங்கள். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, வரைபட நகலையும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.