பழைய போர் விமானத்து மீட்டரை வீட்ல திறக்காதீங்க

நான் பெங்களூர்ல விமான மெயின்டனன்ஸ் வேலையில இருக்கேன். பழைய விமானம்னா உயிரை விடற நம்ம பசங்க நிறைய பேர் என்கிட்ட கேக்கறது இதுதான்: "அண்ணா, சண்டே பஜார்ல ஒரு பழைய ஆல்டிமீட்டர் (விமானம் பறக்கற உயரத்தைக் காட்டற மீட்டர்) கிடைச்சுது, திறந்து கிளீன் பண்ணி ஓட வைக்கலாமா?" வேணாம்ப்பா, தயவுசெஞ்சு திறக்காதீங்க.

ரெண்டாம் உலகப் போர் காலத்து விமானம், படகுல இருந்த மீட்டர் நிறையவற்றுல ராத்திரி இருட்டுல தெரியணும்னு முள்ளுலயும் நம்பர்லயும் கதிர்வீச்சு வர்ற ரேடியம் கலந்த பெயிண்ட் பூசியிருப்பாங்க. இன்னைக்கு லைட்டை அணைச்சுட்டுப் பாத்தா ஒண்ணும் மின்னாது, அதனால விஷயம் செத்துப்போச்சுன்னு நினைச்சுடறாங்க. ஆனா மின்னினது ரேடியம் இல்ல, கூட கலந்திருந்த ஜிங்க் சல்ஃபைடு, கெட்டுப்போனது அதுதான். ரேடியம்-226 பாதியா குறையவே 1600 வருஷம் ஆகும், போர் முடிஞ்சு 80 வருஷத்துல நூத்துல 3, 4 பங்குதான் போயிருக்கும், மீதி அப்படியே உள்ள உக்காந்திருக்கு. கண்ணாடி மூடியிருக்கற வரைக்கும் ஓரளவு பரவால்ல, கழட்டினா காஞ்ச பெயிண்ட் பொடிப்பொடியா உதிரும், அது மூச்சுலயோ கையோட வாயிலயோ போச்சுன்னா உடம்பு அதை கால்சியம் மாதிரியே எடுத்து எலும்புல சேத்து வெச்சுக்கும். அப்புறம் அதை வெளிய எடுக்கறது லேசுல நடக்காது.

இந்த ஆசையைக் குறை சொல்லவே மாட்டேன், இந்த ஊருக்கே அது ரத்தத்துல இருக்கு. 1940ல வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசாங்கத்தோட சேந்து ஆரம்பிச்ச கம்பெனிதான் இன்னைக்கு விமானம் செய்யற ஹெச்ஏஎல், போர் சமயத்துல கேட்டலினா பறக்கும் படகெல்லாம் (தண்ணியில இறங்கற விமானம்) ரிப்பேருக்கு வந்து பெல்லந்தூர் ஏரியிலதான் இறங்குமாம் (இன்னைக்கு அந்த ஏரி இருக்கற நிலைமையைப் பாத்தா வயிறு எரியுது). போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ்காரங்க பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை யாரும் பறக்க விடக்கூடாதுன்னு வேணும்னே உடைச்சு கான்பூர்ல போட்டுட்டுப் போனாங்க, நம்ம ஹெச்ஏஎல் ஆளுங்க போய் ஒவ்வொண்ணா பறக்கற அளவுக்கு ஒட்டுப்போட்டு பெங்களூருக்குக் கொண்டுவந்து முழுசா சரிபண்ணினாங்க. அந்த விமானங்கள் 1968 வரைக்கும் நம்ம விமானப்படையில ஓடிச்சு! அவங்களை நினைச்சா இன்னைக்கும் கை கூப்பத் தோணும்.

ஆனா அப்ப அந்த உலோகத்துக்கு வயசு நாலஞ்சு வருஷம், இப்ப 80. அலுமினியம் அலாய் வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள படலம் படலமா பிரிஞ்சு உப்பியிருக்கும், ரிவெட் (தகடுகளைச் சேக்கற ஆணி) பக்கத்துல லேசா புடைச்சிருந்தா சந்தேகப்படணும். முதல் வேலையா பெயிண்ட் அடிக்கறவங்க அந்த ஒரே அடையாளத்தையும் மறைச்சுடறாங்க, எனக்கு ரொம்பக் கோவம் வர்ற விஷயம் இது. 2018ல சுவிட்சர்லாந்துல 1939ல செஞ்ச ஒரு யுங்கர்ஸ் விமானம் மலையில விழுந்து 20 பேர் போயிட்டாங்க, காரணம் ஆபத்தா தாழ்வா ஓட்டினதுதான், ஆனாலும் விசாரணையில அதோட பாகங்கள்ல அரிப்பும் வெளிய வந்துச்சு.

மரத்தை நம்பினாலும் இதே கதைதான், மரத்துல செஞ்ச மொஸ்கிட்டோ விமானத்தோட இறக்கைங்க 1944லயே நம்ம நாட்டுல ஒட்டின இடம் விட்டுக் கழண்டு விபத்தாச்சு.

இன்னும் ரெண்டு விஷயம். மஞ்சளா மினுங்கற பழைய போல்ட் பெரும்பாலும் கேட்மியம் பூசினது, அதை கிரைண்டர்ல தேய்க்கறது, கேஸ்ல சூடாக்கறது ரெண்டுமே விஷம், துணி மாஸ்க் எதுக்கும் உதவாது. பழைய வீல் சிலது மக்னீசியம், பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தாதீங்க, இன்னும் வேகமா எரியும், அதுக்குன்னு இருக்கற உலர் பவுடரோ காஞ்ச மணலோதான்.

சரி, ஏற்கனவே வீட்ல ஒரு மீட்டர் இருக்கா? துடைக்காதீங்க, கண்ணாடி உடைஞ்சிருந்தா கையுறை போட்டு கெட்டியான ஜிப் கவர்ல ரெண்டு சுத்தா போட்டு, ஆள் தூங்கற ரூம்ல இல்லாம காத்தோட்டமான இடத்துல வைங்க, ரேடியத்துலேர்ந்து ரேடான்னு கதிர்வீச்சுள்ள வாயு வேற வரும். வேண்டாம்னு காயலாங்கடையில மட்டும் போட்டுடாதீங்க. 2010ல டெல்லி மாயாபுரியில ஒரு பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியை பிரிச்சப்ப கோபால்ட்-60ங்கற கதிர்வீச்சுப் பொருள் வெளிய வந்து ஒருத்தர் செத்தே போனாரு. அது இந்த மீட்டரை விட எத்தனையோ மடங்கு வீரியம்தான், ஆனா பிரிச்சவருக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது பாருங்க. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மும்பையில இருக்கு, அவங்களுக்கு ஒரு மெயில் போட்டு எப்படிக் கொடுக்கறதுன்னு கேளுங்க.