பேலன்சிங் மெஷினில் பூஜ்யம் காட்டினால் போதுமா?

ஸ்விஃப்ட் கார். 15 அங்குலத்தில் புது அலாய் வீல், புது டயர். போட்ட மறுநாளிலிருந்தே 80-ஐத் தாண்டினால் ஸ்டீரிங் நடுங்குகிறது. வண்டிக்காரர் முதலில் வீல் பேலன்சிங் செய்தார். நடுக்கம் போகவில்லை. வேறொரு கடையில் மறுபடி பேலன்சிங், கூடவே அலைன்மென்ட். அப்போதும் போகவில்லை. டயரில்தான் கோளாறு என்று ஒருவர் சொல்ல, முன் டயர் இரண்டையும் மாற்றினார். இன்னொரு இடத்தில் லோயர் ஆர்ம் புஷ், டை ராட் எண்ட் என்று ஆரம்பித்து ஆக்சில் வரைக்கும் மாற்றிவிட்டார்கள். என்னிடம் வந்தபோது அவர் கையில் இருந்த பில்களைக் கூட்டினால், அந்த நாலு அலாய் வீலையும் இன்னொரு முறை வாங்கியிருக்கலாம்.

வீலைக் கழற்றி வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். கார் ஹப்பின், அதாவது வீலின் நடுத்துளைக்குள் நுழையும் வட்டமான மேட்டின், விட்டம் 54.1 மில்லிமீட்டர். வீலின் நடுத்துளை 73.1. சுற்றிலும் ஒன்பதரை மில்லிமீட்டர் காலி இடம். கைக்குப் பெரிய வளையல் மாதிரி அந்த வீல் ஹப்பின் மேல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இடையில் போட வேண்டிய ஹப் ரிங் என்ற வளையம் நாலு சக்கரத்திலும் இல்லை. அதைப் போட வேண்டும் என்று வீல் விற்றவரும் சொல்லவில்லை, பிறகு பார்த்த யாரும் கவனிக்கவில்லை.

மாதத்துக்கு ஒரு வண்டியாவது இப்படி வந்துவிடுகிறது. கோவையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது எனக்குக் கூடுதல் வருத்தம். கணபதியிலும் பீளமேட்டிலும் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கும் ஊரில், ஒரு வளையம் இல்லாததால் மனிதர்கள் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். கம்பெனியிலிருந்து வரும் வீலின் நடுத்துளை அந்த வண்டியின் ஹப்புக்கென்றே கடையப்பட்டது. கையால் தூக்கி வைத்தாலே ‘டக்’கென்று உட்காரும். வெளியில் விற்கும் அலாய் வீல் அப்படி இல்லை. ஒரே வீலைப் பல வண்டிகளுக்கு விற்க வேண்டும் என்பதால், நடுத்துளையைப் பெரிதாகவே வைத்துவிடுகிறார்கள். 73.1 என்பது அடிக்கடி பார்க்கும் அளவு. ஸ்விஃப்ட், ஐ20 ஹப் 54.1, பழைய ஹோண்டா சிட்டி 56.1, இன்னோவா கிரிஸ்டா 60.1, கிரெட்டா 67.1. இந்த வித்தியாசத்தை அடைக்கத்தான் ஹப் ரிங். வெளிவிட்டம் வீலின் துளைக்கும் உள்விட்டம் காரின் ஹப்புக்கும் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது என்னை அதிகம் சோதிக்கும் வாக்கியத்துக்கு வருகிறேன். “மெஷின்ல நாலு வீலும் ஜீரோ ஜீரோ காட்டுதுங்க, அப்புறம் எப்படி வீல்ல கோளாறு இருக்கும்?” வண்டிக்காரர் கேட்டால் பொறுமையாகச் சொல்வேன். மெஷின் வைத்திருக்கும் கடைக்காரரே கேட்கும்போதுதான் தாங்கவில்லை.

பேலன்சிங் மெஷினில் வீலை எப்படி மாட்டுகிறோம்? ஷாஃப்டில் ஒரு கோனைச் செருகி, அந்தக் கோன் வீலின் நடுத்துளையில் இறுக்கமாகப் போய் உட்காருகிற மாதிரி முடுக்குகிறோம். துளை 54 ஆக இருந்தாலும் 73 ஆக இருந்தாலும், சரிவாக இருப்பதால் கோன் அதை நட்டநடுவில் பிடித்துக்கொள்ளும். அந்த நடுப்புள்ளியை வைத்துத்தான் மெஷின் சுற்றுகிறது, எங்கே எத்தனை கிராம் வெயிட் ஒட்ட வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் காரில் அந்தக் கோன் கிடையாது! காரில் இருப்பது 54.1 ஹப். அது துளையைத் தொடக்கூட இல்லை. அங்கே வீலின் மையத்தைத் தீர்மானிப்பது நாலு நட்டும், அதை முடுக்கியவர் கையும்தான். மெஷினில் வீல் ஒரு மையத்தில் சுற்றியது. காரில் வேறொரு மையத்தில் சுற்றுகிறது. பூஜ்யம் காட்டியது மெஷினின் மையத்துக்கு மட்டும்தான்.

எவ்வளவு விலகினால் தெரியும் என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 அங்குல அலாயும் டயரும் சேர்ந்து 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது ஒரே ஒரு மில்லிமீட்டர் மையம் தள்ளி உட்கார்ந்தால், ரிம் ஓரத்தில் கிட்டத்தட்ட 85 கிராம் வெயிட்டை வேண்டுமென்றே ஒட்டிவிட்டதற்குச் சமம். நாம் மெஷினில் 5 கிராமுக்கும் 10 கிராமுக்கும் போராடிக்கொண்டிருக்கிறோம். 185/65 ஆர்15 டயர் 100 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 14 சுற்று சுற்றும். அந்த ஒரு மில்லிமீட்டர் விலகல் ஒவ்வொரு சுற்றிலும் 13 கிலோ விசையோடு ஹப்பை இழுக்கிறது. அதோடு டயரின் மேடு பள்ளமும் சேர்ந்துகொள்ளும்: ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், வீலைச் சுற்றவிட்டு அளக்கும் டயல் கேஜில் இரண்டு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் காட்டும். ஸ்டீரிங் நடுங்காமல் என்ன செய்யும்?

“நட்டே கோன் மாதிரிதானே இருக்கு, அதுவே சென்டர் பண்ணிக்கும்” என்று சிலர் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு. சரிவான நட்டும் அதற்கேற்ற குழியும் ஒழுங்காக இருந்து, வீலைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, எல்லா நட்டையும் கையாலேயே ஓட்டி, குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால், ரிங் இல்லாமலும் வீல் மையத்தில் உட்காரும். ஆனால் கடையில் நடப்பது என்ன? ஏர் கன்னை வைத்து முதல் நட்டை ‘டர்ர்’ரென்று முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். முதல் நட்டிலேயே வீல் ஒரு பக்கம் போய்க் கவ்விக்கொண்டது. மற்ற மூன்று நட்டும் அதே இடத்தில் வைத்து இறுக்க மட்டும்தான் செய்யும். ரிங் இருந்தால் இந்த அவசரத்திலும் வீல் நடுவை விட்டு நகராது. அதனால்தான் ரிங்கை விடாதீர்கள் என்கிறேன். வீலைத் தாங்குவது ரிங் இல்லை, நட்டு இறுக்கும் பிடிதான். முடுக்கும்போது வீலை நடுவில் நிறுத்துவது மட்டுமே ரிங்கின் வேலை.

அலைன்மென்ட் பற்றி ஒரு வார்த்தை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பாருங்கள். 80-க்கும் 110-க்கும் இடையில் வந்து போகும் நடுக்கத்துக்கு அதில் மருந்து இல்லை.

நட்டு விஷயம் இதைவிடக் கவலைக்குரியது. நடுக்கத்தோடு நிற்காமல் வீலே கழன்று போகும் ஆபத்து இது. ஹோண்டாவின் கம்பெனி நட்டு, கோலிக்குண்டு மாதிரி உருண்டை முகம் கொண்டது. ஃபோக்ஸ்வேகன் போல்ட்டும் அப்படித்தான். டொயோட்டாவின் பல அலாய்களுக்குத் தட்டை வாஷர் வைத்த நட்டு. வெளியில் வாங்கும் அலாயில் பெரும்பாலும் 60 டிகிரி கோன் குழி. உருண்டை நட்டைக் கோன் குழியில் போட்டால் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். முடுக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும், ஓட ஓடத் தளரும். புது வீல் வாங்கினால் அதற்குரிய நட்டையும் சேர்த்து வாங்குங்கள். பழைய நட்டை மிச்சம் பிடிக்காதீர்கள்.

மரையும் வண்டிக்கு வண்டி வேறு. மாருதிக்கு 12-க்கு 1.25, அதாவது 12 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர் இடைவெளி. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவுக்கு 12-க்கு 1.5. சமீபத்தில் ஒருவர் கிரெட்டாவில் இருந்து கழற்றிய செகண்ட் ஹேண்ட் அலாயை வாங்கி பிரெஸ்ஸாவில் மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டுக்கும் பி.சி.டி., அதாவது நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், ஒன்றுதான்: ஐந்துக்கு 114.3, ஐந்து துளை, 114.3 மில்லிமீட்டர். அதனால் நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் ஐந்திலும் வீல் அழகாக ஏறிவிட்டது. ஆனால் துளை 67.1, ஹப் 60.1, ரிங் இல்லை. வீலோடு வந்த கிரெட்டா நட்டை மாருதி ஸ்டட்டில் ஏர் கன் வைத்து ஏற்றியிருக்கிறார்கள். கழற்றும்போது இரண்டு ஸ்டட்டில் மரை நூல் நூலாக நட்டோடு வந்துவிட்டது. குடும்பத்தோடு நீலாம்பூர் பைபாஸில் அந்த வண்டி 100-ல் போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. தயவுசெய்து முதல் மூன்று, நாலு சுற்றையாவது கையால் போடச் சொல்லுங்கள். கையால் ஏறாத நட்டு அந்த ஸ்டட்டுக்கு உரியதல்ல.

பி.சி.டி. பக்கத்துப் பக்கத்து அளவாக இருந்தால் இன்னும் மோசம். ஃபியட் புண்டோ, லீனியா வண்டிகளுக்கு நாலுக்கு 98. ஊரெல்லாம் கிடைப்பது நாலுக்கு 100. “ரெண்டு மில்லிதானே, இழுத்து முடுக்கினா உட்கார்ந்துரும்” என்பார்கள். உட்காராது. ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீட்டர் விலகி, போல்ட் வளைந்தபடி இறுகி நிற்கும். இதற்கு ரிங் போட்டும் பயனில்லை. அந்த வீலை வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, ரிங் வாங்கும்போது என்ன பார்ப்பது? “73.1-லிருந்து 54.1” என்று இரண்டு அளவும் சொல்லிக் கேளுங்கள். வீலின் அளவு அதன் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும், இல்லாவிட்டால் அளந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் ரிங் வேலைக்கு ஆகும், துருவும் பிடிக்காது. ஆனால் ஊட்டி, வால்பாறை என்று அடிக்கடி மலை இறங்குகிறவர்கள் அலுமினியமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் சூட்டில் உருக்குலைந்த பிளாஸ்டிக் ரிங்கை நான் சுரண்டி எடுத்திருக்கிறேன். கடையில் உங்கள் அளவு கிடைக்கவில்லையா? நல்ல லேத் பட்டறையில் ஹப் அளவையும் வீல் அளவையும் கொடுத்தால் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், ஆடக் கூடாது. சுத்தியால் அடித்து ஏற்றும் ரிங் வேண்டவே வேண்டாம்.

மாட்டும் முன்பு ஹப் முகத்தைக் கம்பிப் பிரஷ் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கடலோர ஊர் வண்டிகளில் துரு அடைபோல ஏறியிருக்கும். அதன் மேல் வீலை வைத்தால் ரிங் இருந்தும் வீல் சாய்ந்துதான் நிற்கும். டிஸ்க்கைப் பிடிக்க ஸ்டட்டில் மெல்லிய தகடு வாஷர் ஏதாவது மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். பழைய அலாயைப் புதிதாகப் பெயின்ட் அடித்து வாங்குகிறவர்கள், பின்முகத்திலும் நட்டுக் குழியிலும் பெயின்ட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெயின்ட் நசுங்க நசுங்க நட்டு தளரும். ஸ்டட்டில் கிரீஸ், ஆயில் தடவாதீர்கள். வழுக்கலில் அதே டார்க்குக்கு, அதாவது அதே முடுக்கு விசைக்கு, நட்டு அளவுக்கு மீறி இறுகி ஸ்டட் இழுபடும். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சால்தான். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கிறது. 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை மறுபடி முடுக்கிப் பாருங்கள். இதற்குக் காசு கேட்கும் கடையை நான் பார்த்ததில்லை.

ஹப்புக்கும் வீலுக்கும் இடையில் ஸ்பேசர் போட்டு வீலை வெளியே தள்ளும் ஆசை இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். தட்டு ஸ்பேசர், வீலை நடுவில் நிறுத்தும் ஹப்பின் உதட்டை மறைத்துவிடும், நட்டுக்குக் கிடைக்கும் மரையையும் குறைத்துவிடும். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட்டு குறைந்தது 12 மில்லிமீட்டராவது ஏற வேண்டும். 1.5 மரையில் அது எட்டு முழுச் சுற்று. எண்ணிப் பாருங்கள்.

ஏற்கெனவே நடுங்கும் வண்டி வைத்திருக்கிறீர்களா? எதையும் மாற்றும் முன் செலவில்லாத ஒரு சோதனை. வண்டி தரையில் இருக்கும்போதே முன் வீலின் நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியில் தூக்கி, வீலை ஒரு துளை தள்ளி மாட்டி, கையால் ஓட்டி, குறுக்கு மறுக்காக முடுக்குங்கள். அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். நடுக்கம் கூடினாலும் குறைந்தாலும் இடம் மாறினாலும், வீல் உட்காரும் விதத்தில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்டீரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் வீல், சீட் நடுங்கினால் பின் வீல். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள், அது வேறு கதை. மாட்டியது எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் நின்றபாடில்லை என்றால், ரிம் வளைந்திருக்கிறதா, டயர் முட்டை போல எங்காவது வீங்கியிருக்கிறதா என்று அதற்குப் பிறகு பார்க்கலாம். சஸ்பென்ஷனில் கை வைப்பது அதற்கும் அப்புறம்.

ஸ்டெப்னியையும் யோசித்துக்கொள்ளுங்கள். அது இன்னும் கம்பெனி இரும்பு ரிம்தான் என்றால், அதற்குரிய பழைய நட்டு நாலையும் ஒரு பையில் போட்டு டிக்கியிலேயே வையுங்கள். பஞ்சராகி வீலைக் கழற்றும்போது ரிங் சில சமயம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் ஸ்டெப்னி உட்காராது. அப்படியே வைத்து முடுக்கினால் வீல் ஹப் முகத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். ரிங்கை உருவி எடுத்துவிட்டு ஸ்டெப்னியை மாட்டச் சொல்லுங்கள். உருவிய ரிங்கைப் பஞ்சர் கடையில் விட்டுவிடாமல் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அலாயைத் திரும்ப மாட்டும்போது அது வேண்டும்.